என் பெயரில் வேலைக்குப் போனவன்

நான் செத்துப்போன செய்தியை என்னிடமே வந்து சொன்னார்கள். திருவள்ளூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கதவைத் தட்டியவர் நடுத்தர வயதுக்காரர். காக்கிச் சட்டை, கக்கத்தில் ஒரு பைல். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் டைம்கீப்பராக இருப்பதாகச் சொன்னார். என் பெயரைச் சொல்லி, அவர் வீடு இதுதானா என்று கேட்டார். இதுதான் என்றேன். அவருடைய சம்சாரம் இருக்கிறார்களா என்றார். உள்ளே இருக்கிறாள், என்ன விஷயம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனச தேத்திக்கோங்க. காலைல பேக்டரில ஆக்சிடெண்ட் ஆயிடுச்சி. அவரு தவறிட்டாரு."

எனக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தக் கம்பெனியில் என் பெயரில் இருந்தவன் என் தம்பி. செத்தது அவன். கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டார். அவர் அண்ணன் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்த உண்மை.

அதற்குள் யார் வந்திருப்பது என்று கேட்டுக்கொண்டே என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். கையெல்லாம் மாவு, நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. டைம்கீப்பர் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எதற்காகக் குனிந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

நடந்தது விளங்க வேண்டுமானால் கார்டு வந்த கதையிலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அறுபதுகளில் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு பட்டறைகளும் கம்பெனிகளும் தலைகாட்டியபோது ஆள் எடுப்பது முழுக்க மேஸ்திரியின் இஷ்டம். கேட் எதிரில் கும்பலாக நிற்க வேண்டும். அவர் விரல் யாரைப் பார்த்து நீளுகிறதோ அவனுக்கு அன்றைக்குச் சோறு. எங்கள் காலனிக்காரர்கள் பக்கம் அந்த விரல் சுலபத்தில் திரும்பாது. அப்புறம் அரசாங்கம் புது ஏற்பாடு கொண்டுவந்தது. கம்பெனிக்காரர்கள் ஆள் வேண்டுமென்றால் வேலைவாய்ப்பு ஆபீசுக்கு எழுதிக் கேட்க வேண்டும், அங்கே பெயர் பதிந்தவர்களை வரிசைப்படி அனுப்புவார்கள் என்றார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயம். மேஸ்திரிக்குக் கும்பிடு போடாமல் ஒரு காகிதத்தைக் காட்டி உள்ளே போகலாம் என்பதே ஒரு மரியாதையாக இருந்தது.

எங்கள் தெருவில் முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். தேறிய சூட்டோடு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். ஐந்தாறு வருஷம் ஒரு தகவலும் இல்லை. நான் பாட்டுக்கு ஆசிரியர் பயிற்சி முடித்து, திருவள்ளூர் பக்கத்தில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்ட பிறகு, சாவகாசமாக ஊர் விலாசத்துக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. ஹெல்பர் வேலை. எட்டாவது படித்திருந்தால் போதும்.

அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு தம்பி திருவள்ளூருக்கு வந்தான். அவன் மூன்றாவதோடு நின்றவன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, அடுத்தது வயிற்றில். நடவு, அறுப்பு என்று வருஷத்தில் பாதி நாள்தான் வேலை. அண்ணனுக்குத் தேவைப்படாத கார்டு வீணாகப் போக வேண்டாமே, நான் போகட்டுமா என்று கேட்டான்.

இதில் தப்பு இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான் போயிருந்தார்கள். சர்க்கார் கார்டு என்றால் எங்களுக்குத் தெரிந்தது ரேஷன் கார்டு. அதில் யார் பெயர் இருந்தால் என்ன, வீட்டில் யார் பையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அரிசி போடுவார்கள். வேலைக் கார்டும் வீட்டுக்கு வந்த கார்டுதானே என்று நினைத்தோம். எஸ்.எஸ்.எல்.சி. படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. என் சர்டிபிகேட்டையும் கொடுத்து, என் கையெழுத்தைப் போடவும் அவனுக்குப் பழக்கிவிட்டேன். நாலு நாளில் என் பெயரை என்னைவிட அழகாக எழுத ஆரம்பித்தான்.

வேலை கிடைத்தது. ஏழெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. கூரை வீட்டுக்கு ஓடு போட்டான். மூன்று பிள்ளைகள் ஆயின. கம்பெனியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்புவானாம். ஊரில் அவன் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழுகிறது என்று அவன் பெண்டாட்டி கேலி பண்ணுவாள்.

எழுபதுகளின் நடுவில் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டம் எங்கள் பகுதிக்கும் வந்தது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று முதலில் எல்லாருக்கும் எரிச்சல். போகப்போகத்தான் அதன் அருமை புரிந்தது. காய்ச்சல் என்றால் மருந்து, அடிபட்டால் பாதிச் சம்பளம், வேலை செய்யும் இடத்தில் உயிர் போனால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம். அதற்கு முன்னால் கம்பெனியில் ஒருவன் செத்தால் முதலாளி பார்த்துக் கொடுப்பதுதான். சில முதலாளிகள் பார்க்கவே மாட்டார்கள்.

திட்டத்தில் சேர ஒரு பாரம் நிரப்ப வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். வீட்டில் படித்தவன் நான்தானே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ரொம்பத் தோரணையாக உட்கார்ந்தேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். விலாசம் என்ற இடத்தில் திருவள்ளூர் விலாசம். குடும்பத்தார் பெயர் என்ற இடம் வந்தது. ரேஷன் கார்டோடு ஒத்துப்பார்ப்பார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். நான் என் ரேஷன் கார்டை எடுத்து வைத்து, மனைவி என்ற இடத்தில் என் மனைவியின் பெயரை எழுதினேன். குழந்தை என்ற இடத்தில் என் மகள் பெயரை எழுதினேன்.

தம்பி எட்டிப் பார்த்தான். "அண்ணா, எம் பொண்டாட்டி பேரு வாணாமா?"

"ரேஷன் கார்டுல உன் அண்ணி பேருதான்டா இருக்குது. மாத்தி எழுதினா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்" என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டி, அடியில் என் கையெழுத்தைப் போட்டான்.

அதன் பிறகு அவன் பெண்டாட்டி இன்ஷூரன்ஸ் டிஸ்பென்சரிக்குப் போனால் என் மனைவியின் பெயரைச் சொல்லித்தான் மருந்து வாங்குவாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அவளிடம், இந்த மாதம் எனக்கு எத்தனை தடவை காய்ச்சல் வந்தது என்று விசாரிப்பாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கிரேனில் தூக்கிய கம்பிக்கட்டு சரிந்து அவன் மேல் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்க என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர், என் அப்பா பெயர், என் வயது, என் படிப்பு. கையெழுத்துப் போடப் போனவன், என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினேன். செத்தவனே வந்து பிணத்தை வாங்கிக்கொண்டு போக முடியாதே. எழுதியதை அடித்துவிட்டுத் தம்பி பெயரில் கையெழுத்துப் போட்டேன். அவன் எத்தனையோ வருஷம் என் பெயரில் போட்டான். நான் அவன் பெயரில் போட்டது அதுதான் முதல் தடவை.

அடக்கத்துக்கு ஊருக்கு ஒரு பூமாலையோடு டைம்கீப்பர் வந்திருந்தார். திருவள்ளூரில் அவர் பார்த்த மனைவி ஒரு ஓரமாக நிற்கிறாள், வேறு ஒருத்தி பிணத்தின் மேல் விழுந்து புரளுகிறாள், மூன்று பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறுகின்றன. மனிதர் திகைத்துப்போனார். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப் போய், யார் சார் சம்சாரம் என்று நேரடியாகக் கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். நாளைக்கே கம்பெனியில் உண்மையை எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன், என் வேலை போனாலும் போகட்டும் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுதினா இன்னா ஆவும் தெரியுமா சார்? செத்தவன் எங்க ஆளே இல்லன்னு கம்பெனி சொல்லிடும். அடுத்தவன் கார்டுல திருட்டுத்தனமா பூந்தவன்னு எழுதுவாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒத்த டப்பு வராது. ஒங்க மேல கேசு. ஒங்க சம்சாரம் போய்க் கேட்டா மட்டும்தான் பணம் வரும்."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. ஏழெட்டு வருஷம் உடம்பை உருக்கி வேலை செய்தவன் ஒருவன். அவன் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். அவன் உயிர்தான் போயிற்று. அவன் பெண்டாட்டிக்குத் தரமாட்டார்களாம், உயிரோடு இருக்கிற என் பெண்டாட்டிக்குத் தருவார்களாம். சர்க்காரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன். டைம்கீப்பர் கேட்டுக்கொண்டிருந்தார். பாரத்தை நிரப்பியது யார் என்று அவர் கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு வழி இருக்கிறது என்று நினைத்தோம். ஆதரவில்லாத விதவைகளுக்கு உதவிப்பணம் தரும் திட்டத்தை அரசாங்கம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மனு கொடுக்கப் போனேன். புருஷன் இறந்ததற்குச் சர்டிபிகேட் எங்கே என்றார்கள். எங்களிடம் இருந்த சர்டிபிகேட்டில் செத்தவன் நான். அவள் புருஷன் எந்தக் காகிதத்திலும் சாகவில்லை. சர்டிபிகேட் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்ப நான் யாரு மாமா?" என்று கேட்டாள். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். எந்தக் கேள்விக்கும் ஏதாவது பதில் சொல்லிப் பழகியவன். மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு சாப்பாட்டின்போது என் மனைவியிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள்தான் என் விதவையாகப் போய் நிற்க வேண்டும் என்று எந்தப் புருஷன் வாயால் சொல்லுவான்? அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மூன்றாம் நாள் காலை தலை சீவிக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த பாரத்துல எம் பேர எழுதுறப்ப ஒரு வார்த்த என்னாண்ட கேட்டியா? நீயே உக்காந்துகினு நீயே எழுதிட்ட." பின்னலை முடித்துக் கட்டினாள். "எப்பப் போவணும்னு சொல்லு. அந்தப் புள்ளைங்க இன்னா பாவம் பண்ணிச்சுங்க."

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் டைம்கீப்பரும் போனோம். சாட்சிக் கையெழுத்து அவருடையது. நான் உள்ளே வரக்கூடாது, பழக்கதோஷத்தில் சொந்தப் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று என்னை மாடி வராந்தாவிலேயே நின்றுவிடச் சொன்னார். தம்பி பெண்டாட்டியும் கூட வரட்டும், காலை எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பினான் என்றெல்லாம் கேட்டால் அவளுக்குத்தான் தெரியும் என்றார். அவளிடம் ஒன்று மட்டும் படித்துப் படித்துச் சொன்னார். இறந்தவருக்கு ஒரே தம்பி, அந்தத் தம்பி உயிரோடு இருக்கிறார் என்றுதான் கம்பெனி ரிப்போர்ட்டில் இருக்கிறது. யார் கேட்டாலும் உன் புருஷன் இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். செத்துப்போனார் என்றால் எப்போது, எங்கே, எப்படி என்று தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அவள் சரி என்றாள்.

மாடி ஏறும்போது படிக்கட்டின் திருப்பத்தில் என் மனைவி நின்றாள். முந்தானையால் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். வளையல்களைக் கழற்றினாள். பிறகு கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து என் சட்டைப்பைக்குள் திணித்தாள். தம்பி பெண்டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் அக்கா, போய்விடலாம் என்று அழுதாள். என் மனைவி அவளை அதட்டினாள். நான் உயிரோடு நிற்கிறேன், என் எதிரிலேயே என் பெண்டாட்டி தாலியறுத்த கோலத்தில் படி ஏறிப் போகிறாள்.

வராந்தா ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது. ஆபீசர் பொறுமையான மனிதர். மேஜை ஓரத்தில் சாமி படம், அதற்கு முன்னால் ஒரு குங்குமச் சிமிழ். என் மனைவியை உட்காரச் சொன்னார். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். அன்று காலை என்ன சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார் என்று ஆறுதலாகக் கேட்டபோது மட்டும் அவள் திணறினாள். சுவரோரம் நின்ற தம்பி பெண்டாட்டி, பழைய சோறுங்க என்று சொல்லிவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

ஆபீசரின் பேனா நின்றது. இந்தம்மா யார் என்று கேட்டார். செத்தவரின் தம்பி சம்சாரம் என்று டைம்கீப்பர் அவசரமாகச் சொன்னார். ஆபீசர் அவளையே பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனைவியின் நெற்றியைத் துடைக்கத் தெரிந்த எங்களுக்கு இவள் நெற்றி ஞாபகத்துக்கு வரவில்லை. கழுத்தைச் சேலை மூடியிருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது.

"உன் வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார்.

அவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டைம்கீப்பர் கூரையைப் பார்த்தார்.

"இருக்காருங்க."

"இன்னா பண்றாரு?"

"கம்பெனி வேலைக்குப் போறாருங்க."

ஆபீசரின் முகம் இளகியது. சொந்தப் பெண்ணைக் கடிந்துகொள்வது போலத்தான் பேசினார். "அப்புறம் ஏம்மா இப்பிடி வெறும் நெத்தியோட நிக்கிற? அவங்களுக்குத்தான் விதி அப்பிடி. புருஷன் நல்லா இருக்கறப்ப நீ இப்பிடி நிக்கலாமா? அந்த மனுஷனுக்கு ஆவாது." குங்குமச் சிமிழை அவள் பக்கம் நகர்த்தினார். "வெச்சுக்கோ."

புருஷனைப் புதைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவள் சிமிழைப் பார்த்தாள். மேஜை மேல் பாதி எழுதிக் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். விரலால் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். குங்குமம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. ஆபீசர் பேனாவை எடுத்து மிச்சத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உத்தரவு தபாலில் வரும், மாதாமாதம் பணம் வரும் என்று என் மனைவியிடம் சொன்னார்.

வெளியே வந்து படி இறங்கும்போது என் மனைவிக்குத் தாங்கவில்லை. முந்தானையை எடுத்துக்கொண்டு அந்தக் குங்குமத்தைத் துடைக்கப் போனாள். தம்பி பெண்டாட்டி முகத்தை ஒதுக்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. மேலேருந்து யாராச்சும் பாத்துக்கினு இருப்பாங்க. பஸ் ஏறுன அப்புறம் தொடச்சிக்கிறேன்."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.